இரண்டு லட்ச ரூபாய் சைக்கிளில் அப்படி என்னதான் இருக்கிறது?

கோவையிலிருந்து ஒரு வாசகி அனுப்பிய மின்னஞ்சலை அப்படியே தருகிறேன்.

"சார், போன வாரம் பெருங்காயம் பத்தி நீங்க எழுதினதைப் படிச்சேன். நல்லா இருந்துச்சு. இப்ப எனக்கு ஒரு சந்தேகம். என் பையன் காலேஜ் ரெண்டாவது வருஷம் படிக்கிறான். ரேஸ் சைக்கிள் வேணும்னு ஒரே பிடிவாதம். புதுசு ரெண்டு லட்சத்துக்கு மேல ஆகுமாம். யாரோ ஓட்டின கார்பன் சைக்கிள் ஒண்ணு எண்பத்தஞ்சாயிரத்துக்கு வருதாம், அதையாவது வாங்கிக் குடுங்கங்கறான். எங்க வீட்டு ஸ்கூட்டரே அவ்வளவுதான் சார். போட்டோவுல பார்த்தா பிளாஸ்டிக் மாதிரி இருக்கு. இதுல அப்படி என்னதான் இருக்கு? வாங்கித் தரலாமா, வேண்டாமா?"

இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறார். 'அதில் என்ன இருக்கிறது' என்பதற்குப் பதில் சொல்வதுதான் இந்தப் பகுதியின் வேலை. 'வாங்கலாமா' என்ற கேள்வியை வழக்கமாகத் தொடுவதில்லை. வாங்கிவிட்டு என்னைத் திட்டுவீர்கள். ஆனால், இந்த ஒரு பொருளில் மட்டும் முதல் கேள்விக்கான பதிலுக்குள்ளேயே இரண்டாவது ஒளிந்திருக்கிறது. அதனால் இரண்டையும் பார்த்துவிடுவோம்.

முதலில் எடை. தாத்தா காலத்துக் கறுப்பு சைக்கிள், கேரியர், ஸ்டாண்டு எல்லாம் சேர்த்து இருபது கிலோ வரும். மாடிப்படியில் ஏற்றியவர்களுக்குத் தெரியும். உயர்ரக கார்பன் சைக்கிளில் மொத்தமுமே ஏழு கிலோவைச் சுற்றித்தான் இருக்கும். இதைவிடக் குறைத்துவிடுவார்களோ என்ற பயத்தில், உலக சைக்கிள் பந்தய அமைப்பான யூ.சி.ஐ., 2000-ம் ஆண்டில் ஒரு விதி போட்டது. பந்தய சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்பது அந்த விதி. ஃப்ரேமை மட்டும் எடுத்துக்கொண்டால், நல்ல கார்பன் ஃப்ரேம் 700 முதல் 900 கிராம்தான். 2020-ல் அமெரிக்காவின் ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் 'ஏத்தோஸ்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அதன் உச்ச ரக ஃப்ரேமின் எடை 585 கிராம் என்று அறிவித்தது. அரை லிட்டர் பால் பாக்கெட்டைக் கையில் வைத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதன் மேல் எண்பது கிலோ மனிதர் உட்கார்ந்து, மலைப்பாதையில் மணிக்கு எண்பது கிலோமீட்டர் வேகத்தில் இறங்குகிறார்.

பிளாஸ்டிக்கா என்று கேட்டால், பாதி ஆமாம். மீதி, கரி.

கரிமூட்டமும் ஸ்வெட்டரும்

ஊட்டி ரோட்டோரக் கடைகளில் 'கம்பளி ஸ்வெட்டர்' என்று சொல்லி விற்பார்களே, அதில் பல கம்பளியே கிடையாது, அக்ரிலிக் நூல். கார்பன் ஃபைபரின் மூலப்பொருளும் அந்தக் குடும்பம்தான். பாலிஅக்ரிலோநைட்ரைல் என்று பெயர். பெயரை மறந்துவிடுங்கள், வெள்ளை நூல் என்று வைத்துக்கொள்வோம்.

தென்மாவட்டங்களில் கரிமூட்டம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். சீமைக் கருவேல விறகை அடுக்கி, மண் பூசி மூடி, உள்ளே நெருப்பை வைத்துவிடுவார்கள். விறகு வேகும், எரியாது. எங்காவது மண் விரிசல் விட்டுக் காற்று புகுந்தால் போச்சு, கரிக்குப் பதிலாகச் சாம்பல்தான் கிடைக்கும். கார்பன் ஃபைபர் தொழிற்சாலை செய்வதும் இதைத்தான், கொஞ்சம் நாசூக்காக.

வெள்ளை நூலை முதலில் 200 முதல் 300 டிகிரி வரை சூடான காற்றில், இழுத்துப் பிடித்தபடியே மெதுவாக ஓட விடுகிறார்கள். அது மஞ்சளாகி, பழுப்பாகி, கறுப்பாகும். இந்தக் கட்டத்தைத் தாண்டினால் பிறகு எவ்வளவு சூட்டிலும் உருகாது. அடுத்து, ஆக்ஸிஜனே இல்லாமல் நைட்ரஜன் நிரப்பிய உலைக்குள் 1,000 டிகிரிக்கு மேல். நூலில் இருந்த ஹைட்ரஜன், நைட்ரஜன் எல்லாம் விலகிப் போக, கார்பன் மட்டும் வரிசை கட்டி நிற்கும். எடையில் ஏறக்குறைய பாதி காணாமல் போய்விடும். மிஞ்சும் இழை ஒவ்வொன்றும் 5 முதல் 7 மைக்ரான் தடிமன். நம் தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு. அப்படிப்பட்ட இழைகள் மூவாயிரம், பன்னிரண்டாயிரம் என்று சேர்ந்துதான் ஒரு புரி.

வீடு கட்டும்போது 'எஃப்.இ. 500' கம்பி வாங்குவோம். அந்த 500 என்பது, எத்தனை மெகாபாஸ்கல் இழுவிசை வரை அந்தக் கம்பி நிரந்தரமாக நீளாமல் தாங்கும் என்பதற்கான குறியீடு. ஜப்பானின் டோரே நிறுவனம் தயாரிக்கும் 'டி-700' என்ற கார்பன் இழை அறுவதற்கு 4,900 மெகாபாஸ்கல் வேண்டும். எடையோ இரும்பில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. கேட்க ஆச்சரியமாக இருக்கும். ஆனால், இந்த எண் தனி இழைக்கு, அதுவும் நீளவாக்கில் இழுத்தால் மட்டும். குறுக்கே வளைத்தால் படக்கென்று ஒடியும். இந்த 'ஆனால்' முக்கியம், பிறகு வருகிறேன்.

இந்தக் கரி நூல் திடீரென்று வந்ததல்ல. எடிசன் தன் பல்புக்காக மூங்கில் நாரைக் கரியாக்கி இழை செய்தார். 1959-ல் ஒசாகாவின் அரசு ஆய்வுக்கூடத்தில் அகியோ ஷிண்டோ என்பவர்தான் அக்ரிலிக் நூலிலிருந்து கார்பன் இழை எடுக்கும் வழியைக் கண்டுபிடித்தார். இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமான ஆய்வு மையத்தில் அதை இன்னும் வலுவாக்கினார்கள். 1971-ல் டோரே வணிக உற்பத்தியில் இறங்கியது. விமானம், ராக்கெட், மீன் தூண்டில், கோல்ஃப் மட்டை என்று சுற்றி, கடைசியில் சைக்கிளுக்கு வந்து சேர்ந்தது.

1986-ல் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை வென்ற அமெரிக்கர் கிரெக் லெமாண்ட் ஓட்டியது கார்பன் குழாய்களை அலுமினிய இணைப்புகளில் ஒட்டிச் செய்த சைக்கிள். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் பிரிட்டனின் கிறிஸ் போர்ட்மேன் தங்கம் வாங்கினார். அவர் ஓட்டிய லோட்டஸ் சைக்கிளில் குழாய்களே கிடையாது. மொத்தமும் ஒரே வார்ப்பு, ஏதோ பறவையின் இறக்கையை வெட்டிச் சக்கரம் மாட்டியதுபோல இருக்கும். அதைப் பார்த்த பிறகுதான் 'இந்தப் பொருளை வைத்து எந்த வடிவமும் செய்யலாம்' என்று பலருக்கு உறைத்தது.

தைவானில் ஒரு கடற்கரை ஊர்

இன்று நீங்கள் கேள்விப்படும் பெரிய பிராண்டுகளில் பல, பெயரளவில் அமெரிக்கா, இத்தாலி. பிறப்பு பெரும்பாலும் தைவான், சீனா, வியட்நாம். தைவானில் தாய்ச்சுங் நகருக்குப் பக்கத்தில் டாஜியா என்று ஒரு ஊர் இருக்கிறது. கடலோடிகளைக் காக்கும் மாசு என்ற பெண் தெய்வத்தின் கோயிலுக்குப் பேர்போன இடம். ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் அங்கிருந்து பல்லக்கோடு பாதயாத்திரை போவார்கள். அந்த ஊரில் 1972-ல் கிங் லியூ என்பவர் ஒரு சைக்கிள் கம்பெனி தொடங்கினார். அதற்கு முன்பு அவர் செய்த விலாங்கு மீன் பண்ணையைப் புயல் அடித்துக்கொண்டு போயிருந்தது. சைக்கிள் கம்பெனியின் பெயர் ஜெயன்ட். ஆரம்பத்தில் மற்ற பிராண்டுகளுக்குச் செய்துகொடுக்கும் வேலைதான். பிறகு தைவானின் அரசு சார்ந்த தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தோடு சேர்ந்து கார்பனில் இறங்கி, 1987-ல் 'கேடெக்ஸ்' என்ற கார்பன் சைக்கிளைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

சும்மா ஒரு தகவல்: சைக்கிள் கம்பெனி முதலாளியான கிங் லியூ, 2007-ல் தன் 73-வது வயதில் தைவான் தீவை முழுக்கச் சைக்கிளிலேயே சுற்றிவந்தார். 927 கிலோமீட்டர், 15 நாள்.

சரி, தொழிற்சாலைக்குள் போவோம். எந்த நாட்டில் இருந்தாலும் வேலை நடக்கும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான்.

முதலில் நம்மை வரவேற்பது குளிர்ப்பதன அறை. புரிகளை ஒரே திசையில் சீப்பால் வாரியதுபோலப் பரப்பி, எபாக்ஸி பிசினில் தோய்த்து, காகிதத்தின்மேல் ஒட்டிச் சுருட்டி வைத்திருப்பார்கள். 'ப்ரீப்ரெக்' என்பார்கள். தொட்டால் இன்சுலேஷன் டேப் மாதிரி லேசாக ஒட்டும். அரைத்த மாவை வெளியில் வைத்தால் புளிப்பதுபோல, அறைச் சூட்டில் இந்தப் பிசின் மெல்ல இறுகத் தொடங்கிவிடும். அதனால் மைனஸ் 18 டிகிரியில் தூங்க வைக்கிறார்கள். எடுத்த தேதி, வெளியில் இருந்த நேரம் எல்லாம் குறிப்பேட்டில் ஏறும். கெடு தாண்டினால் எவ்வளவு விலை என்றாலும் கழிவுதான்.

அடுத்து வெட்டும் மேஜை. கம்ப்யூட்டர் சொல்லும் வடிவத்தில் கத்தி ஓடுகிறது. நம் டெய்லர் கடைத் துண்டுத்துணி போல விதவிதமான வடிவங்கள். ஒரு ஃப்ரேமுக்கு முந்நூறு, நானூறு, சிலவற்றுக்கு ஐநூறு துண்டுகள்கூட. ஒவ்வொன்றிலும் எண் இருக்கும். ஒரு துண்டின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான்.

எதற்கு இத்தனை துண்டுகள்? மூங்கிலை நினைத்துக்கொள்ளுங்கள். குறுக்கே வெட்ட அரிவாள் வேண்டும். நெடுக்கே என்றால் நுனியில் ஒரு கீறல் போட்டால் போதும், சர்ரென்று பிளந்துகொண்டு போகும். கார்பனும் அப்படித்தான். இழை ஓடும் திசையில் ராட்சசன், மற்ற திசையில் நோஞ்சான். அதனால் குழாயின் நீளவாக்கில் சில அடுக்குகள் போடுவார்கள், அது வளையாமல் இருக்க. 45 டிகிரி சாய்த்து, அதற்கு எதிர்ச் சாய்வில் இன்னொன்று என்று சில அடுக்குகள், அது முறுக்காமல் இருக்க. சுற்றுவாக்கில் சில, அது நசுங்காமல் இருக்க.

பெடலை ஓங்கி மிதிக்கும்போது ஃப்ரேமின் அடிப்பகுதி பக்கவாட்டில் முறுக்கிக்கொள்ளப் பார்க்கும். அங்கே சாய்வு அடுக்குகள் அதிகம். பின்சக்கரத்தில் இருந்து சீட்டுக்கு ஏறும் மெல்லிய குழாய்களில் கொஞ்சம் நெகிழ்வு இருந்தால் குண்டுகுழி முதுகில் தெரியாது. அங்கே அடுக்கு குறைவு. இரும்புக் குழாயில் இந்த விளையாட்டு ஓரளவுக்குத்தான் முடியும். இங்கே அங்குலத்துக்கு அங்குலம் தீர்மானிக்கலாம். ஐம்பது கிலோ பெண்ணுக்கான சிறிய ஃப்ரேமுக்கும் தொண்ணூறு கிலோ ஆணுக்கான பெரிய ஃப்ரேமுக்கும் அடுக்குத் திட்டமே வேறு. நல்ல நிறுவனம், சுமார் நிறுவனம் என்ற வித்தியாசம் உண்மையில் இந்தத் திட்டத்தில்தான் இருக்கிறது. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே பளபளக்கும்.

இன்னொன்று. கார்பன் என்றாலே பாய் பின்னல் போன்ற கட்டம் போட்ட டிசைன் நினைவுக்கு வரும். பல ஃப்ரேம்களில் அது வெளியே ஒட்டிய ஒரு அலங்கார அடுக்கு மட்டுமே. பாரம் தாங்குபவை அதற்குக் கீழே இருக்கும் ஒருதிசை அடுக்குகள். அதேபோல, 'இது முழுக்க டி-1000 கார்பன் சார்' என்று விற்பவர் சொன்னால் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். விறைப்பு மிக அதிகமான இழை அடிபட்டால் சட்டென்று நொறுங்கும். அதனால் விவரம் தெரிந்த பொறியாளர்கள் இரண்டு மூன்று ரகங்களைக் கலந்துதான் பயன்படுத்துவார்கள். சாம்பாருக்கு மிளகாய்த்தூள் மட்டும் போதுமா என்ன?

இனிதான் கைவேலை. நீண்ட மேஜைகள், கையுறை போட்ட ஆண்களும் பெண்களும். எதிரே படத்தோடு கூடிய வரிசைப் புத்தகம். 'துண்டு 47, சாய்வு 45, இந்தக் கோட்டில் ஆரம்பி' என்று அதில் இருக்கும். காகிதத்தை உரித்து, நுரை அச்சின்மேல் வைத்து, விரலால் நீவி ஒட்டுகிறார்கள். வளைவில் சுருக்கம் விழப் பார்க்கும். சூடான காற்றைக் காட்டி இளக்கி, மறுபடியும் நீவ வேண்டும். ஒரு சுருக்கம் தங்கிவிட்டால் அந்த இடத்தில் இழை நேராக இல்லை என்று அர்த்தம். நேராக இல்லாத இழை பாரம் தாங்காது. ஒரு துண்டை மறந்தாலோ திசை மாற்றி ஒட்டினாலோ வெளியே தெரியவே தெரியாது. மேலே அடுத்த துண்டு வந்து மூடிவிடும். அதனால் பல இடங்களில் பார்கோடு, எடை சரிபார்ப்பு என்று கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்கிறார்கள். ஒரு ஃப்ரேமுக்கான அடுக்கு வேலை மட்டும் பல மணி நேரம் பிடிக்கும். இதை ரோபோவிடம் கொடுக்கலாமே என்று 2010-ல் ஸ்விட்சர்லாந்தின் பி.எம்.சி. நிறுவனம், இயந்திரங்களே பின்னிச் செய்யும் 'இம்பெக்' என்ற ஃப்ரேமைக் கொண்டுவந்து பார்த்தது. தொழில் அந்தப் பக்கம் திரும்பவில்லை. இன்றைக்கும் விரல்கள்தான்.

இட்லிப் பானை இல்லை, பிரஷர் குக்கர்

அடுக்கி முடித்த ஃப்ரேம் மெத்தென்று, கறுப்பாக, பொம்மைபோல இருக்கும். அதை இரண்டு பாதியாகத் திறக்கும் கனமான எஃகு அச்சுக்குள் வைத்து மூடுவார்கள். ஃப்ரேமுக்கு உள்ளே ஏற்கெனவே ஒரு ரப்பர் பை இருக்கிறது. அச்சைச் சூடாக்கிக்கொண்டே அந்தப் பைக்குள் காற்றை அழுத்தி ஏற்றுகிறார்கள். பை உப்பி, அடுக்குகளை உள்ளிருந்து அச்சின் சுவரோடு நசுக்குகிறது. 150 டிகிரி அளவில் பிசின் முதலில் தண்ணீராக இளகி, இடுக்கெல்லாம் ஓடி, பிறகு கெட்டியாகிறது. ஒருமுறை கெட்டியானால் மறுபடி உருகாது.

இந்த அழுத்தம் சரியாக இல்லையென்றால் அடுக்குகளுக்கு நடுவே காற்றுக்குமிழி தங்கும். பணியாரத்தில் ஓட்டை இருந்தால் அழகு, இங்கே அது ஆபத்து. அமெரிக்காவின் ட்ரெக் நிறுவனம் 1992-ல் தன் கார்பன் முறைக்கு ஓ.சி.எல்.வி. என்று பெயர் வைத்தது. அதில் பாதி 'குறைந்த குமிழி' என்பதற்கான சுருக்கம்தான். அவ்வளவு முக்கியமான விஷயம். ஒவ்வொரு சைஸுக்கும் தனி எஃகு அச்சு வேண்டும். ஓர் அச்சின் விலையே பல லட்சம். ஒரு மாடல் ஆறு சைஸில் வருகிறது என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் இரண்டு லட்சத்தில் ஒரு பகுதி இங்கே போகிறது.

அச்சிலிருந்து எடுத்த பாகங்களைச் சட்டத்தில் பொருத்தி ஒட்டி, மூட்டுகளின்மேல் மீண்டும் கார்பன் சுற்றி வேகவைக்கிறார்கள். கார்பனும் அலுமினியமும் நேரடியாகத் தொட்டுக்கொண்டு ஈரம் பட்டால் அலுமினியம் அரிக்கும். அதனால் நடுவே கண்ணாடி இழை அடுக்கு ஒன்று வைப்பார்கள். பிறகு தேய்ப்பு, மறுபடி தேய்ப்பு, பெயின்ட்.

தேய்ப்பைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தத் தொழிலில் சலிப்பானதும் கடினமானதும் அதுதான். கார்பன் தூசி மூக்குக்கு ஆகாது, எபாக்ஸி சிலருக்குத் தோலில் அரிப்பை உண்டாக்கும். தைவானின் தொழிற்சாலைகளில் இப்படிப்பட்ட வேலைகளுக்கு வியட்நாம், தாய்லாந்து, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியாவிலிருந்து தொழிலாளர்கள் வருகிறார்கள். ஏஜென்டுக்குக் கடன் வாங்கிப் பணம் கட்டி வெளிநாடு போவதும், முதல் சில வருடச் சம்பளம் அந்தக் கடனுக்கே சரியாகப் போவதும் நமக்குத் தெரியாத கதையா? 2025 செப்டம்பரில் அமெரிக்க சுங்கத் துறை, ஜெயன்ட் நிறுவனத்தின் தைவான் தயாரிப்புகளைத் துறைமுகத்திலேயே நிறுத்திவைக்க உத்தரவிட்டது. கடன் பிணைப்பு, சம்பளப் பிடித்தம், அளவுக்கு மீறிய ஓவர்டைம் உள்ளிட்ட கட்டாய உழைப்பின் அறிகுறிகள் இருப்பதாகக் காரணம் சொன்னது. நிறுவனம் இதை எதிர்த்து முறையிடப்போவதாக அறிவித்தது. புதிதாகச் சேரும் வெளிநாட்டுத் தொழிலாளர்களின் ஏஜென்ட் கட்டணத்தை அந்த ஆண்டு தொடக்கத்திலிருந்தே தானே ஏற்பதாகவும் சொன்னது. ஐநூறு துண்டுகளை ஒட்டும் விரல் யாருடையது என்ற கேள்வி, கொஞ்சம் தாமதமாகத்தான் என்றாலும், வாங்குபவர்களின் நாட்டில் எழுந்திருக்கிறது. எனக்கு இது சைக்கிளின் எடையைவிடப் பெரிய விஷயமாகப் படுகிறது.

அம்மா கேட்ட இரண்டாவது கேள்வி

விற்பனைக்கு வரும் முன் மாதிரி ஃப்ரேம்களைச் சித்திரவதை செய்வார்கள். ஐ.எஸ்.ஓ. 4210 என்ற சர்வதேசத் தரத்தில் அதற்கு முறையே இருக்கிறது. 22.5 கிலோ எடையைத் தூக்கி முன்பக்கத்தில் போடுவார்கள். பெடலை மிதிப்பதுபோல இயந்திரம் ஒரு லட்சம் முறை அழுத்தும். முன்சக்கரப் பக்கம் ஒரு லட்சம் முறை தள்ளி இழுக்கும். ஒரு விரிசலும் விழக் கூடாது. ஆகவே புதிய, நல்ல நிறுவனத்தின் கார்பன் ஃப்ரேம் பூப்போன்றது என்று பயப்பட வேண்டாம். ஒழுங்காக ஓட்டினால் அது அலுமினியத்தைவிடச் சோர்வைத் தாங்கும்.

பயப்பட வேண்டியது வேறு. இரும்பு சைக்கிள் விழுந்தால் வளையும். 'எனக்கு அடிபட்டுவிட்டது' என்று அதுவே சொல்லும். அலுமினியம் நசுங்கும், அதுவும் தெரியும். கார்பன் குழாய் ஒரு கல்லில் மோதினால், வெளி அடுக்கு சில சமயம் பழையபடி நிமிர்ந்துவிடும். உள்ளே அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்திருக்கும். பார்க்கப் புதுசு. ஆறு மாதம் கழித்து ஒரு மலை இறக்கத்தில், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் ஒடியலாம். பயன்படுத்திய கார்பனை வாங்குவதில் உள்ள சிக்கல் இவ்வளவுதான். முந்தைய சொந்தக்காரர் விழுந்தாரா இல்லையா என்பது அவருக்கும் அந்தக் குழாய்க்கும் மட்டுமே தெரியும்.

அந்த வாசகிக்கு உடனே பதில் எழுதினேன். சைக்கிளை முதலில் ஈரத்துணியால் துடைத்து, வெயிலில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். கீழ்க்குழாயின் அடிப்பக்கம், பெடல் அச்சைச் சுற்றி, ஹேண்டில்பாருக்குக் கீழே குழாய்கள் சேரும் இடம், சீட்டை இறுக்கும் இடம் என்று நான்கையும் நிதானமாகப் பார்க்க வேண்டும். பெயின்டில் மட்டும் கீறலா, அதற்குக் கீழுமா என்று நகத்தை ஓட்டினால் ஓரளவு தெரியும். பிறகு ஐந்து ரூபாய் நாணயத்தால் அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே போக வேண்டும். 'டக் டக்' என்று கணீரென வந்துகொண்டிருந்த ஒலி ஓரிடத்தில் 'தொப்' என்று மந்தமானால் சந்தேகம். வலப்பக்கத்தை இடப்பக்கத்தோடு ஒப்பிட வேண்டும். தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்குபவர்களுக்கு இது சிரமமே இல்லை. இதில் தப்பித்துவிட்டது என்பதற்காக நல்லது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. முழு உறுதிக்கு அல்ட்ராசவுண்டு பரிசோதனை வேண்டும். சீட் கம்பியைக் கழற்றி, செல்போன் டார்ச் அடித்து உள்ளே பார்க்கவும் சொன்னேன். உள்சுவர் வழவழப்பாக இருந்தால் நல்ல அழுத்தத்தில் செய்தது. ரப்பர் பையின் கிழிசலும் சுருக்கமும் பிசின் கட்டியுமாக இருந்தால் வாங்காதீர்கள். முக்கியமாக, முன்பக்க ஃபோர்க்கைக் கழற்றிப் பார்க்க விற்பவர் சம்மதிக்க வேண்டும். ஃபோர்க் உடைந்தால் கீழே விழ ஒரு நொடிகூட ஆகாது. முகம்தான் முதலில் தரையில் படும்.

இவ்வளவுக்கும் பிறகு வாங்கினால், டார்க் ரெஞ்ச் ஒன்றும் சேர்த்து வாங்க வேண்டும். போல்ட்டின் பக்கத்திலேயே '5 நியூட்டன் மீட்டர்' என்பதுபோல அச்சிட்டிருப்பார்கள், அந்த அளவுக்கு மேல் இறுக்கக் கூடாது. தெருமுனைக் கடையில் 'நல்லா டைட் பண்ணிட்டேன் தம்பி' என்று ஸ்பேனரில் தொங்கினால், விபத்தே தேவையில்லை, அங்கேயே விரிசல் விழும்.

பத்து நாள் கழித்து அவரிடமிருந்து பதில் வந்தது.

"சார், பையனோட நானும் போனேன். சைக்கிள் பளபளன்னு இருந்துச்சு. கீழ்க்குழாய்க்கு அடியில மட்டும் ஒரு புது ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாங்க. மத்த ஸ்டிக்கர் எல்லாம் வெளுத்துப் போயிருந்துச்சு, இது மட்டும் புதுசு. உரிச்சுப் பார்க்கலாமான்னு கேட்டேன். 'பெயின்ட் வந்துடும்மா, வேண்டாம்'னாங்க. பையனே காசை எடுத்துத் தட்டிப் பார்த்தான். அந்த இடத்துக்கு வந்ததும் என் முகத்தைப் பார்த்தான். எனக்கும் சத்தம் வித்தியாசமா கேட்டுச்சு சார். ஒண்ணும் பேசாம வந்துட்டோம். வீட்டுக்கு வர்ற வழியில அவனே சொன்னான், 'அம்மா, இப்போதைக்கு அலுமினியமே போதும், ஃபோர்க் மட்டும் கார்பன்ல வருது, நாப்பத்தஞ்சாயிரம்'னு. அது பரவாயில்லையா சார்?"

பரவாயில்லை அம்மா. புதிது என்றால் தாராளமாக வாங்கிக் கொடுங்கள். கூடவே ஒரு நல்ல ஹெல்மெட்டும்.

(அடுத்த வாரம்: குடைக் கம்பி ஏன் எப்போதும் ஒரே இடத்தில் உடைகிறது?)